நாக்கில் படிந்த மஞ்சள்

சீன மருந்து அவிகிற மணம் எனக்குப் பிடிக்கும். மேலே இருக்கிற வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. குதிக்காலால் தரையில் இடிப்பார். ஈரமண்ணும் மரப்பட்டையும் பழைய சாக்கும் ஒரே பானையில் அவிந்தால் எப்படி மணக்கும், அப்படி. பார்க்டேலில் நாங்கள் இருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற் முதலில் ஊத்தை மணந்தது, பிறகு மருந்து மணந்தது. எனக்கு இரண்டாவது மணம் வந்த பிறகுதான் அது வீடு மாதிரி இருந்தது.

தம்பியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், ஐயா. தெரியும். மருந்தைச் சொல்லாமல் அவனைச் சொல்ல வராது.

றூபன் எனக்குப் பதினேழு வயது இளையவன். தாய் தகப்பன் போன பிறகு சோறு தீத்தி வளர்த்தது நான். இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது நான். ஆஸ்பத்திரித் துணிகள் வந்து குவிகிற லோன்றியில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். நான் உள்ளே ஈரத்துணி இழுக்கிற பக்கம். அவன் வெளியே லொறி. எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவன் அவன். தலை நரைத்த பிறகு அரிசிப் பையைப் பார்த்து எழுத்துக்கூட்டினேன். பிழை விட்டால் சிரிப்பான். ஒருநாள் அறைந்தேன். அதன் பிறகு சிரிக்காமல் சொல்லித் தந்தான், நானும் கெதியாகப் படித்துக்கொண்டேன்.

வருத்தம் அவனுக்குக் காலில் தொடங்கியது. கெண்டைக்காலும் முழங்காலின் பின்பக்கமும் சிவந்து, கொப்புளித்து, மஞ்சள் நீர் வடிந்தது. வாய் கசக்கிறது என்றான், உடம்பு ஈரச்சாக்கு மாதிரிப் பாரமாக இருக்கிறது என்றான். குடும்ப டொக்டர் தந்த கிறீம் பூசும்வரை காய்ந்திருக்கும், விட்டால் திரும்ப வடியும். லோன்றியில் என்னோடு நிற்கிற சீனர் ஒருவர் ஸ்பாடினாவில் சீன மருந்து கட்டித் தருகிற மிசிஸ் ஃபங்கைச் சொன்னார். குவீன் வீதி ட்ராமில் கூட்டிப்போனேன்.

அந்த அம்மாவின் கடையில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். நாடி பார்த்தா, காலைப் பார்த்தா, பிறகு நாக்கை நீட்டச் சொன்னா.

"அண்ணை, நானென்ன சந்தையில நிக்கிற மாடே, வாயைத் திறந்து பாக்கினம்?" என்றான் றூபன். நானும் சிரித்தேன்.

அவ உடைந்த இங்கிலிஷில் சொன்ன விஷயம் எனக்கு உடனே விளங்கியது. இப்படி வடிகிற வருத்தம் வழமையாக உடம்புக்குள் ஈரமும் சூடும் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதால் வருவதாம். சூட்டைத் தணிக்கக் குளிர்ந்த மருந்து கொடுத்தால் வயிறு சோர்ந்து ஈரம் கூடும்; ஈரத்தை உலர்த்தச் சூடான மருந்து கொடுத்தால் நெருப்பு ஏறும். ஒன்றை அமத்தினால் மற்றது எழும்பும். எங்கள் லோன்றியில் சுடச்சுட எடுத்த ஈரத்துணியைக் குவித்து வைத்தால் அப்படித்தான். மேலே ஆறியிருக்கும், நடுவில் கையை விட்டால் புளித்து வெந்துகொண்டிருக்கும். பிரித்துப் போடவேண்டும். எதை எதிலிருந்து பிரிப்பது என்பதுதான் கெட்டித்தனம்.

ஆனால் அவவுக்கு முதல் மருந்து பிழையாகிவிட்டது. நாக்கில் படிவு ஒன்றும் இல்லை, வெறும் சிவப்பாகக் கிடந்தது. "கோப்பி குடிச்சதோ?" என்று கேட்டா. இல்லை என்றோம். அப்படியென்றால் இது வறட்சியால் வந்த சூடு என்று எடுத்து, உடம்புக்கு நீரூட்டுகிற மருந்து கட்டித் தந்தா. கறுத்து, பிசுபிசுவென்று ஒரு கிழங்கு அதில் நிறைய. குடிக்கக் குடிக்கக் கால் இன்னும் வடிந்தது. காலையில் படுக்கைச் சீலையைத் தோலோடுதான் உரிக்கவேண்டியிருந்தது. இரண்டாவதாகச் சூட்டை ஒரேயடியாக அடிக்கிற கசப்பு மருந்து. அது வயிற்றைக் கலக்கிவிட்டது. வடிதல் நிற்கவில்லை. மிசிஸ் ஃபங் தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இந்த உடம்பு என்னட்டப் பொய் சொல்லுது" என்றா.

நான் பொறுமையான ஆள். மருந்து பிழைத்தாலும் பராமரிப்பு பிழைக்கக்கூடாது என்று நினைத்தேன். அவன் குடிக்க மறுத்தால் மூக்கைப் பொத்தி ஊற்றினேன். சூடாகக் குடிக்கச் சொன்னதால் சூடாக ஊற்றினேன். உதடு கொஞ்சம் வெந்தது. அவன் சொறிந்தால் மருந்து கிண்டுகிற அகப்பையால் கையில் தட்டினேன். தட்டுவது என்றால் விரல் மொளி வீங்குகிற அளவுக்கு. படுக்கும்போது இரண்டு கையிலும் காலுறை போட்டுக் கட்டில் காலோடு கட்டினேன். "அண்ணை, காணும்" என்பான். திருப்பிக் கை ஓங்கமாட்டான். அப்படி வளர்ந்த பிள்ளை அல்ல.

மூன்றாவது முறை போனபோது மிசிஸ் ஃபங் அவனுடைய நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாக, இரத்தக் கோடு ஒன்றைக் கண்டுவிட்டா. என்ன இது என்று கேட்டா.

"அண்ணை காலமை வழிச்சுவிடுறவர்" என்றான்.

அவவுக்கு விளங்கவில்லை. நான் சட்டைப் பையிலிருந்த பேருந்து அட்டையை வளைத்து, வாய்க்கு முன்னால் இழுத்துக் காட்டினேன். அவ மேசையில் அடித்துச் சிரித்தா. நாக்கில் படிகிறதைப் பார்த்துத்தான் ஈரமா வறட்சியா என்று அவ தெரிந்துகொள்கிறாவாம். நாங்கள் விடிந்ததும் முதல் வேலையாக அதை வழித்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வெளுத்த வேட்டி மாதிரி நாக்கோடு வந்து நிற்கிறோமாம். "தமிழாக்கள் எல்லாரும் இப்படியோ?" என்று கேட்டா. எல்லாரும்தான் என்றேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இவருக்கு வயது முப்பத்தைஞ்சு. தன்ர நாக்கைத் தானே வழிக்க இவருக்குத் தெரியாதோ?" என்றா.

"வடிவா வழிக்கமாட்டான்" என்றேன். உண்மைதான். முன்னுக்கு மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுவான். நான் தலையை முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்து, நாக்கைத் துணியால் பிடித்து அடிவரைக்கும் இழுப்பேன். சுத்தம் இல்லாமல் எந்த வருத்தம் மாறும்?

சில நாள் நாக்கைத் தொடவேண்டாம் என்றா. தொடவில்லை. அந்த நாட்களில் என் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது; விடிந்து எழுந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரம் கழுவுகிற சிங்கைத் தேய்த்தேன். அடுத்த தடவை அவன் நாக்கை நீட்டினான். பருப்பு ஆறினால் மேலே படியுமே, அப்படித் தடித்த மஞ்சள். மிசிஸ் ஃபங் பொக்கிஷம் கண்டவ மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. "இந்தா. இதைத்தான் நான் இவ்வளவு நாளும் தேடினது."

பிறகு எல்லாம் நேராகப் போனது. நாலு அற்புதம் என்று அந்த மருந்துக்குப் பெயராம். ஒரு மஞ்சள் பட்டை, இரண்டு வேர், பார்லி மாதிரி ஒரு வெள்ளை விதை. பட்டை சூட்டைத் தணிக்கும், ஒரு வேர் ஈரத்தை உலர்த்தும், விதை நீரை வடிக்கும், மற்ற வேர் எல்லாவற்றையும் காலுக்கு இறக்கும். ஒன்றும் மற்றதை மிஞ்சாது. தொட்டியில் கலந்து உடம்பு கழுவ இன்னொரு கசப்பு வேரும் தந்தா, இளஞ்சூட்டில்தான் கழுவவேண்டும் என்று சொல்லி. கழுவுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

அவன் தேறினான். கால் காய்ந்தது, தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. தேறத் தேற வாயும் வந்தது. பாட்டுப் போட்டான். சவரம் செய்தான். கிளடிஸ் வரத் தொடங்கினாள்.

கிளடிஸ் லோன்றியில் துணி மடிக்கிற பக்கத்தில் நிற்கிற பிள்ளை. அவள் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்பதில் எனக்கு ஒன்றும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். பகிடிக்காரி. படியில் இறங்கும்போதே, "அண்ணை, தம்பியை ஊறுகாய் போடுறீங்களோ? ரோட்டு மட்டும் மணக்குது" என்பாள். றூபன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவள் போன பிறகு பார்த்தால் முழங்காலின் பின்பக்கம் சொறிந்திருப்பான். சிரிப்பும் ஒரு சூடுதானே.

ஒருநாள் அவள் இருக்கும்போதே சொறிந்தான். அவள் போகும்வரை மருந்துப் பானையைக் கழுவினேன். சொறிகிற கை இரண்டு விரலை நம்பித்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் குளியலறைக் கதவின் பிணைச்சல் பக்கம், கதவும் நிலையும் சேர்கிற இடுக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. லொறிக் கதவில் நசிந்தது என்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. விரலுக்குக் கட்டுப் போட்டிருந்த காலத்தில் கால் இன்னும் நன்றாக ஆறியது. அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

மிசிஸ் ஃபங் அந்த விரல்களைப் பார்த்தா. அன்றைக்கு நாடியை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தா. பிறகு, எந்த மாதிரி வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டா. பேஸ்மென்ற், சுவரில் தண்ணீர் கசியும் என்றான் றூபன். அவ அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "மருந்து சரி. இருக்கிற இடம் பிழை. அங்க இருக்கும்வரை இவருக்கு முழுக்க மாறாது."

அவ்வளவுதான். கிளடிஸின் தாய் தகப்பன் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கியிருந்தார்கள். மேல்மாடியில் வெயில் விழுகிற அறை ஒன்று சும்மா கிடக்கிறதாம். கலியாணம் எழுதும்வரை அவன் அதில் இருக்கலாம் என்று முடிவு செய்துவிட்டு எனக்குச் சொன்னார்கள்.

"நீங்களும் வாங்கோவன் அண்ணை, ஞாயிறுகளில" என்றாள் கிளடிஸ்.

ஞாயிறுகளில். வளர்த்த பிள்ளையை ஞாயிறுகளில் பார்க்க நான் என்ன வேதக்காரனா என்று கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன். இருவரும் சிரித்தார்கள்.

போன ஞாயிறு மத்தியானம் அவள் காரோடு வருவதாக இருந்தது. பை கட்டியாயிற்று. நான் வேரை அவித்து, வடித்து, தொட்டியில் கலந்தேன். "போறதுக்கு முதல் ஒருக்காக் கழுவிவிடுறன்" என்றேன்.

"இனி என்னத்தைக் கழுவுறது? எல்லாம் மாறிட்டுதே."

"கடைசியா ஒருக்கா."

"சரி, உங்கட ஆசைக்கு" என்று சொல்லி இறங்கி உட்கார்ந்தான். தண்ணீர் பச்சைத் தேயிலை நிறத்தில் இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், சூடு அளவுதான். காலைத் தேய்த்தேன். அந்தத் தோல் உங்களுடைய தோலையும் என்னுடைய தோலையும் விட நன்றாக இருந்தது. எங்கே தேய்ப்பதென்று தெரியவில்லை. என் கை அங்கேயும் இங்கேயும் வழுக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் இடது முழங்காலின் பின்பக்கம் சின்னதாக ஒரு சிவப்பைக் கண்டேன்.

"திரும்பத் தொடங்கிட்டுது" என்றேன்.

"அண்ணை, அது நுளம்பு கடிச்சது."

"இல்லை. திரும்பத் தொடங்கிட்டுது. நீ போகேலாது."

"உங்களுக்கு விசரே?" என்று சிரித்தான். எழுத்துச் சொல்லித் தந்த காலத்தில் சிரித்த அதே சிரிப்பு. "விடுங்கோ, அவள் வரப்போறாள்."

எழும்பப் பார்த்தான். நான் தோளைப் பிடித்து இருத்தினேன். ஈரமும் சூடும் தலைவரைக்கும் ஏறியிருக்கும், தலையும் ஊறவேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் அமத்தினேன். முழங்காலை அவனுடைய நெஞ்சில் வைத்தேன். இருபது வருடமாக ஈரத்துணி இழுத்த கை. அதற்கு அவன் பாரமே இல்லை. தொட்டியின் விளிம்பைப் பிடிக்கப் பார்த்தான். அந்த இரண்டு விரலும் மடியவில்லை. கண் திறந்தபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அடித்துச் சுவரெல்லாம் தெறித்தது, என் வாய்க்குள்ளும் போனது, நல்ல கசப்பு. அடங்கும்வரை பிடித்தேன். அடங்கிய பிறகும் பிடித்தேன். கை வழுக்கவில்லை, ஐயா. வழுக்கியது என்று எழுதவேண்டாம்.

கிளடிஸ் கதவைத் தட்டினாள். உள்ளிருந்தபடியே, "ஊற விட்டிருக்கிறன், கொஞ்சம் இருங்கோ" என்றேன்.

"சரி அண்ணை, ஆறுதலா. நான் காருக்குள்ள இருக்கிறன்" என்றாள்.

தொட்டியின் அடைப்பை இழுத்துத் தண்ணீரை வெளியே விட்டேன். அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, விரலிடுக்கு, காதுப்புறம் எல்லாம் ஈரம் போகத் துடைத்தேன். குப்புறத் திருப்பி, விளக்கைக் கிட்டப் பிடித்து அந்தச் சிவப்பைப் பார்த்தேன். நடுவில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி இருந்தது. நுளம்புக் கடிதான்.

அதற்கும் கொஞ்சம் மருந்து பூசிவிட்டேன்.