கழிக்காத ஒரு மணித்தியாலம்

கறிவேப்பிலைக் கன்றுக்கு இடம் மாற்றினால் பிடிக்காது. கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்பின் குளிரில் கறிவேப்பிலை வளர்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எங்களுடைய கன்று எட்டு வருடமாகத் தெற்கு யன்னலடியில் நிற்கிறது, இப்போது என் நெஞ்சளவு உயரம். ஏன் இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை என்று கேட்பவர்களை நான் முதலில் அந்த யன்னலடிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

வீடு பரமேஸ்வரியுடையது, நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்த்தளம், படி ஏறத் தேவையில்லை. என் முழங்கால்களுக்கு அது பெரிய உபகாரம். ரயிலுக்கு ஐந்து நிமிட நடை. மனைவி தவமணிக்குச் சலவை அறை பக்கத்துக் கதவு. ஒப்பந்தத்தில்தான் ஒரு நெருடல். வீடு பரமேஸ்வரி தன் மகள் துவாரகாவுக்கென்று வாங்கியது, அவள் கலியாணம் முடித்துக் குடிவரும் வரைக்கும்தான் எங்களுக்கு. கலியாணம் சரிவராவிட்டால் இரண்டு வருடத்துக்கொருமுறை நீட்டிக் கையெழுத்து வைப்போம். நாங்கள் குடிவந்தபோது துவாரகாவுக்கு இருபத்துநாலு வயது, கோப்பன்ஹேகனில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதியில் வேலை. வந்தால் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக அடுக்கிவிட்டு உள்ளே வருகிற பிள்ளை. எனக்கு அவளை நிரம்பப் பிடிக்கும்.

நான் சாத்திரம் பார்ப்பேன் என்பதையும் சொல்லவேண்டும். தொழிலாக அல்ல, பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வெடுத்தவன் நான். ஆனால் பொருத்தம் பார்க்க எங்கள் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். காசு வாங்குவதில்லை. ஆகவே துவாரகாவுக்கு நோர்வேயிலிருந்து முதல் சம்பந்தம் பேசி வந்தபோது, பரமேஸ்வரி சாதகத்தையும் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார்.

இங்கே பிறந்த பிள்ளைகளின் சாதகத்தில் ஒரு சின்னச் சங்கதி உண்டு. கோடையில் இந்த நாட்டில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுவார்கள். ஆஸ்பத்திரி எழுதித் தந்த நேரத்திலிருந்து அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழித்துவிட்டுத்தான் கட்டம் போடவேண்டும். துவாரகா ஜூனில் பிறந்தவள். நான் கழிக்க மறந்துபோனேன். அது சத்தியமாக மறதிதான். அதனால் ஒன்பதாம் வீட்டில் சும்மா இருந்திருக்க வேண்டிய செவ்வாய் எட்டாம் வீட்டில் போய்க் குந்திக்கொண்டது. எட்டில் செவ்வாய் என்றால் புருஷனின் உயிருக்கு ஆகாது. நோர்வே மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக விலகிக்கொண்டார்கள். அடுத்த கிழமை ஒப்பந்தத்தை நீட்டினோம்.

ஒரு மாதம் கழித்து, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பிழை நினைவுக்கு வந்தது. உடனே தொலைபேசியைக் கையில் எடுத்தேன். பிறகு யோசித்தேன். இப்போது மாற்றிச் சொன்னால், நான் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த நாற்பது சோடிகளுக்கும் சந்தேகம் வராதா? ஒரு பிள்ளையின் சௌகரியத்துக்காக நாற்பது குடும்பத்தின் நிம்மதியைக் கெடுக்கக்கூடாது. கன்றும் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இரண்டாவது மாப்பிள்ளை லண்டன். அவருக்கும் செவ்வாய் இருந்தது, இனிப் பொருந்தும் என்று பரமேஸ்வரி சந்தோஷப்பட்டார். அது வேறு விதமான செவ்வாய் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினேன்.

மூன்றாவது கிருஷாந்த். பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. துவாரகா தானே விரும்பிய பையன். அவளைப் பார்க்க வாராவாரம் மூன்று மணித்தியாலம் கார் ஓடி வருவான். அவனுக்குச் சாதகத்தில் நம்பிக்கையில்லை. பரமேஸ்வரிக்கு இருந்தது. எட்டில் செவ்வாய் என்று நான் வழக்கம்போலச் சொன்னேன்.

அந்தமுறை துவாரகா தனியாக வந்தாள். மேசையில் எனக்கு எதிரே இருந்தாள். பிரசவ விடுதியில் தினமும் பிறந்த நேரம் எழுதுகிறவள் அல்லவா, இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

"மாமா, நான் பிறந்தது ஜூன். அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழிச்சுத்தானே பாத்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை. கழிச்சுத்தான் பாத்தனான்."

"அப்ப வேண்டாம். அவருக்கு ஒண்டும் வரக்கூடாது" என்றாள். தவமணி கொடுத்த தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அன்று கவலையாகத்தான் இருந்தது. இரவுச் சாப்பாட்டில் ஒரு இடியப்பம் குறைத்துக்கொண்டேன்.

வேறு இடத்தில் கலியாணம் கட்டிய கிருஷாந்துக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். உன்னால்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி நான்தான் அவளைத் தேற்றினேன்.

போன மாதம் நீட்டிப்புப் பத்திரத்தைத் துவாரகாவே கொண்டுவந்தாள். பரமேஸ்வரி வீட்டை அவளுடைய பெயருக்கு மாற்றிவிட்டாராம். முடிவுத் திகதி எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டாயோ என்று கேட்டேன்.

"இனி எனக்குக் கலியாணப் பேச்சில்லை மாமா. உங்களுக்கு விருப்பமான காலம் மட்டும் இருங்கோ."

கையெழுத்து வைக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது. அவள் புறப்படும்போது கன்றிலிருந்து ஒரு பெரிய கொப்பாகப் பார்த்து முறித்துக் கொடுத்தேன்.

போன ஞாயிறு கோடை நேரத்துக்காக வீட்டு மணிக்கூடுகளையெல்லாம் முன்னே தள்ளி வைத்தேன். அப்போது கணக்குப் பார்த்தேன், அந்தப் பிள்ளையிடம் நான் எடுத்தது ஒரேயொரு மணித்தியாலம். அதையும் ஒக்டோபரில் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.