அடிமரத்துக் காவி

செம்பருத்தி இலை சுருண்டால் உடனே மருந்தடிக்காதீர்கள். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். சைனிக்புரியில் எங்கள் தெருக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான். செடிக்கு ஏதாவது என்றால் போட்டோ எடுத்து எனக்குத்தான் அனுப்புவார்கள்.

எங்கள் வாசல் குல்மொஹர் மரத்துக்கு வந்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் விட்டிருந்தது. அப்படி வந்தால் உள்ளே வேர் அழுகிவிட்டது என்று அர்த்தம். மேலே மரம் கொள்ளாமல் பூக்கும், ஒரு பெருங்காற்று போதும், சாய்ந்துவிடும்.

காளானைத் தட்டியெடுத்துவிட்டு அடிமரத்துக்குக் காவியும் வெள்ளையும் பூசினேன். என் கணவர் சம்பந்தம் ராணுவத்தில் இருந்தவர். குடியரசு தினம் வந்தால் மரங்களுக்கு இப்படிப் பூசியே ஆகவேண்டும் அவருக்கு. பக்கவாதம் வந்து அவர் விழுந்த பிறகு அது என் வேலையாகிவிட்டது. அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அவருக்குப் பேச்சும் போய்விட்டது. வருகிற நர்சுகளையெல்லாம் இடது கையால் தள்ளிவிடுவார். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் நான்தான். பெங்களூரில் இருக்கும் மகன் பாலாவிடம் அழுதால், "வேற நர்ஸ் பாருங்கம்மா" என்பான். எனக்கு அலுத்துவிட்டது. வேறு வழி தெரியவில்லை. சாயங்காலம் அந்த மரத்தடியில் சக்கர நாற்காலியைப் போட்டால்தான் அவர் முகம் கொஞ்சம் தெளியும். அவர் ஆசைப்பட்ட நிழலை நான் எப்படி மறுப்பது?

மே மாதம் ஒருநாள் புழுதிக்காற்று கிளம்பியது. எதிர்வீட்டு சுஷ்மா மாடியிலிருந்து கத்தினாள்.

"ஆன்ட்டி, தூஃபான் மாதிரி வருது! அங்கிளை ஜல்தி உள்ளே தள்ளிட்டுப் போங்க!"

"ஹவ்ம்மா, இதோ" என்று தலையாட்டினேன்.

நாற்காலிக்கு பிரேக் போட்டிருந்தேன். அதை நான் எடுக்கவில்லை. ரோஜாத் தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனேன். அவர் இடது கையைத் தூக்கினார். என்னைக் கூப்பிடத்தான், அது எனக்குத் தெரியும். கடைசித் தொட்டியைத் தூக்கும்போது பின்னால் வேர் முறிகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

ரோஜாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றுக்குப் பின்னால் வந்த மழையில் நனைந்திருந்தால் கரும்புள்ளி நோய் ஒரு செடியிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவியிருக்கும். ஆபத்து வருகிறது என்று தெரிந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியாது.