எஸ்/ஓ ஆம்ப்ரோஸ்

“இலைக்குள்ள இருக்கிற புழுவப் பார்க்கவாடா உனக்குச் சம்பளம் தர்றாங்க?”

“ஆமாப்பா.”

“அப்ப இலைக்கு வெளியில இருக்கிற புழுவ?”

“அதுக்கு வேற ஆள் இருக்காங்கப்பா.”

செம்பவாங் கப்பல் தளத்தில் முப்பது வருடம் இரும்பு வெட்டிய என் அப்பா ஆம்ப்ரோஸ், எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார். 1974, நான் நம் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்த வருடம். எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை, மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மேசை இழுப்பறையில் அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு, நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

இலைக்குள் சுரங்கம் தோண்டும் அந்துப்பூச்சிகளை வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆண் பூச்சியின் அடிவயிற்று நுனியைத் திறந்து, அங்குள்ள கொக்கிகளை எண்ண வேண்டும். அது என் வேலை. பெண் பார்க்கப் போன நான்கு வீடுகளில் இதை விளக்க முடியாமல் எழுந்து வந்திருக்கிறேன். பூச்சியை அரைத்து, ஜெல்லில் மின்சாரம் செலுத்தி, நொதிகள் விழும் கோடுகளைப் படிப்பது உங்கள் வேலை. கோடு வேறென்றால் இனம் வேறு.

1982இல் செம்பவாங் ஓடைக்கரையில், ஏழே ஏழு மரங்களில், மூன்று கொக்கிப் பூச்சியைக் கண்டேன். மற்றவற்றுக்கு இரண்டுதான். உங்கள் ஜெல்லிலும் கோடுகள் வேறாக விழுந்தன. கண்டெடுத்தவனைக் கௌரவிக்க நினைத்த வெளிநாட்டுப் பேராசிரியர், பூச்சியோடு அனுப்பிய என் சீட்டைப் பார்த்திருக்கிறார். அடையாள அட்டையில் இருக்கிறபடி ‘சவரிராஜ் எஸ்/ஓ ஆம்ப்ரோஸ்’, அதாவது ஆம்ப்ரோஸின் மகன் சவரிராஜ், என்று எழுதியிருந்தேன். கடைசியில் நிற்பது குடும்பப் பெயர் என்பது அவர்கள் வழக்கம். பூச்சிக்கு ‘ஆம்ப்ரோசி’ என்று பெயர் வைத்து அச்சிட்டுவிட்டார்.

அப்பா அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, ஒரு பூச்சிக்குத் தன் பெயர் வைத்திருப்பதாக எல்லோரிடமும் சொன்னார்.

“உங்க மகன் என்ன பண்றாருண்ணே?” என்று அல்போன்சம்மாள் கேட்டார்.

“அவனா? புழு பொறுக்குறான் லா.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் கோபமில்லை. விஞ்ஞானத்தில் பெயர் பிழையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. அச்சில் ஏறிய பெயரை மாற்ற விதி இடம் தராது. அந்தப் பூச்சியும் ஏற்கெனவே பெயருள்ள இரண்டு கொக்கிப் பூச்சியும் ஒன்றே என்று நிரூபித்தால் மட்டும் பெயர் செல்லாமல் போகும்.

ஆகவே, மறுசோதனைக்கு நீங்கள் கேட்டபோது சாதாரணப் பூச்சிகளில் ஆம்ப்ரோசியின் சீட்டை ஒட்டிக் கொடுத்தேன். கோடுகள் ஒன்றாக விழுந்தன. கொக்கியும் இரண்டுதான். முதல் தடவை தவறு செய்துவிட்டதாக நீங்களே எழுதி அச்சிட்டீர்கள். அந்த வருடம் உங்கள் பதவி உயர்வு நின்றுபோனது. எனக்கு வருத்தம்தான். உங்களுக்கு மைலோ வாங்கி வந்து கொடுத்தேன், நினைவிருக்கும்.

பிறகு மரங்கள். யாரும் அங்கே போய் அதை மறுபடி பிடித்துவிடக் கூடாதல்லவா? ஓடைக்கரையில் கொசு பெருகுகிறது என்று ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். கொசு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் நல்ல மரியாதை. மூன்றே நாளில் புகையடித்து, ஏழையும் வெட்டிவிட்டார்கள். ஆறு மாதம் தீவு முழுக்கத் தேடினேன். ஓர் இலையில்கூட அதன் சுரங்கம் இல்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

“அந்தப் பூச்சியே இல்லன்னு ஆயிடுச்சுப்பா” என்று அப்பாவிடம் சொன்னேன்.

“பூச்சி இல்லாட்டி என்னடா? பேரு அச்சுல இருக்குல்ல” என்றார்.

இப்போது, நான் மறைத்து வைத்திருந்த அந்த மூன்று கொக்கி ஸ்லைடு கிடைத்துவிட்டதால், ஆம்ப்ரோசி தனி இனம்தான் என்று மறுபடி எழுதப்போவதாகச் சொன்னீர்கள். எழுதுங்கள். பெயர் இருக்கும், பூச்சி இருக்காது. அதை அழித்தவன் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உங்களிடம் கேட்க நினைத்து, பன்னிரண்டு வருடமாகக் கேட்காத ஒன்று இருக்கிறது. இனி எங்கேயாவது புதிதாக ஒரு பூச்சி கிடைத்தால், அதற்கு என் பெயரை வைப்பீர்களா, மேடம்?