ஹால்ஸெட்ஸுக்கு ரெண்டு டீ

…தேதியே தப்பு, அதைத்தான் சொல்றேன். அந்தக் கதவுல ஒட்டியிருக்கிற தாளைப் பாருங்க. வழக்கு விவரம்னு போட்டு, ஒப்பந்தம் அறுபத்து நாலுல ஆனதா அடிச்சிருக்காங்க. அறுபத்து மூணு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூணு, ஏப்ரல் பதினொண்ணு, வியாழக்கிழமை. காலையில இருந்தே தூறல். குடை பிடிக்கிற அளவுக்குப் பெரிசும் இல்ல, நனையாம போற அளவுக்குச் சின்னதும் இல்ல. என்னோட பாடின ஒடெஸ்ஸா தலையில செய்தித்தாளைக் கவுத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட ஓடி வந்தா. சூடு பண்ணின சீப்பால அவங்கம்மா ரெண்டு மணி நேரம் நீவி விட்ட முடி அது. நனைஞ்சா பழையபடி சுருண்டுக்கும். தலைப்புச் செய்தி மொத்தமும் அவ நெத்தியில மை மையா இறங்கியிருந்துச்சு. எனக்கு இதெல்லாம் நேத்து மாதிரி இருக்கு. கோர்ட்டுக்கு மட்டும் வருஷம் தெரியல.

கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா? நன்றிம்மா. நீங்க பார்க்கிங் அபராதம்தானே? சீட்டுல நாப்பத்தேழுன்னு போட்டிருக்கே. இப்பதான் முப்பத்தொண்ணு கூப்பிட்டாங்க. சரி, அப்ப நேரம் இருக்கு.

நான் டெல்ஃபின் மேபெரி. பேரு தெரிஞ்சிருக்காது. முகம் தெரிஞ்சிருக்கலாம்… இல்ல, அதுவும் தெரியாது, நாங்க விக் வச்சிருந்தோம். ‘சனிக்கிழமை வருவான்’ பாட்டுத் தெரியுமா? அதோ தலையாட்டுறீங்க. எல்லாரும் ஆட்டுவாங்க. சூப்பர் மார்க்கெட்டுல வெங்காயம் பொறுக்குறப்போ இன்னைக்கும் மேல இருந்து கேக்கும். பாடுறது ஒடெஸ்ஸா டார்வர். பின்னாடி ‘ஊ… ஊ…’ன்னு ரெண்டு குரல் வருதில்ல, இடது பக்கத்து ‘ஊ’ என்னோடது. வலது பக்கம் ஜூவல். ஜூவல் போயி ஆறு வருஷமாச்சு. அவ ‘ஊ’ என்னோடதை விட நல்லா இருக்கும், ஒத்துக்கறேன்.

நாங்க மூணு பேரும் இதே நியூவர்க்தான். ஹால்ஸி தெருவுல ஒரு சின்ன சர்ச், அதுல பாட்டுக் கூட்டம். அதனாலதான் ஹால்ஸெட்ஸ்னு பேரு வச்சோம். வச்சது நான். முடிவுல ரெண்டு ‘டீ’ வரணும். குடிக்கிற டீ இல்லம்மா, இங்கிலீஷ் எழுத்து. அந்தக் காலத்துப் பொண்ணுங்க குழு எல்லாத்துக்கும் வால் அப்படித்தான். ஒரு டீ போட்டா அது பேரே இல்ல, எழுத்துப் பிழை.

பள்ளிக்கூடக் கழிப்பறையிலதான் பயிற்சி பண்ணுவோம். சிரிக்காதீங்க. சுவர் முழுக்க ஓடு, அங்க பாடினா யாரு குரலும் தேவதை குரல்தான். அதனாலயே எங்க பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க குழு மட்டும் ஏழு இருந்துச்சு, கழிப்பறைக்கு வரிசையில நிக்கணும். போகணும்னு நிஜமாவே வந்தவங்க பாடுதான் திண்டாட்டம்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பாடினோம். கடைசி வரிசையில இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் மிஸ்டர் கிரேடி உக்காந்திருந்தாரு. கூட்டம் கலையுறதுக்குள்ள மேடைக்குப் பின்னால வந்து, உங்களை ஊர் அறிய வைக்கிறேன்னாரு. மறுநாளே மூணு வீட்டுக்கும் போயி மூணு அம்மாக்கள் கையிலயும் ஆளுக்கொரு பீச் பழப் பலகாரம் குடுத்து, கடைசித் தாள்ல கையெழுத்து வாங்கிட்டாரு. முன் தாள்லாம் இன்னும் தட்டச்சு ஆகலையாம். எங்கம்மா சொன்னாங்க, பலகாரம் வாங்கின கடை நல்ல கடை, அதனால மனுஷனும் நல்லவனாத்தான் இருப்பாருன்னு. இந்தத் தர்க்கத்தை நான் வகுப்புல முப்பத்து நாலு வருஷம் உதாரணமா சொன்னேன், எப்படி யோசிக்கக் கூடாதுங்கறதுக்கு. ஆமா, இங்கிலீஷ் டீச்சர். இலக்கணம். பசங்க எனக்கு வச்ச பேரு ‘காற்புள்ளி’. வாக்கியத்தை விட்டுப் போகவே மாட்டேனாம்.

எங்க விட்டேன்? ஆங், பாட்டு. அந்தப் பாட்டுல முதல் வரியே தப்பும்மா. ‘அவன்’னு ஒருத்தனைச் சொல்றாங்க, வினைமுற்று பன்மையில வருது. ஒலிப்பதிவுல ஒடெஸ்ஸா தாள்ல எழுதியிருந்தபடியே பாடினா. நான் பின்னாலிருந்து சரியாப் பாடினேன். பதினேழு தடவை எடுத்தாங்க. கிரேடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில கை வச்சிட்டாரு. பதினெட்டாவது தடவை ஒடெஸ்ஸா திரும்பிப் பாத்தா. நான் ‘ஊ’ மட்டும் பாடினேன். ‘ஊ’வுல இலக்கணம் கிடையாது. அப்படித்தான் அந்த இடது பக்கத்து ‘ஊ’ பிறந்துச்சு.

நாடு முழுக்க இசைத்தட்டு விற்பனைப் பட்டியல்ல அந்தப் பாட்டுக்குப் பதினோராவது இடம். தெற்கே பஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. மேடையில மாலை போடுவாங்க, அதே ஊரு ஹோட்டல்ல எங்களை மாதிரி கறுப்பினத்தவங்க முன் வாசல்ல நுழைய முடியாது, பின் கதவுல சாப்பாட்டைத் தாள்ல சுத்திக் குடுப்பாங்க. முத்து வச்ச சட்டையில கடுகுச் சாறு சிந்தாம பஸ்ல உக்காந்து சாப்பிடறது ஒரு கலை. ஜூவல் மடியில எப்பவும் ஒரு குழந்தைத் துணி கட்டியிருப்பா.

மூணு வருஷம். அறுபத்தாறுல ஒடெஸ்ஸா, நாங்களே எழுதின பாட்டு ஒண்ணு பாடணும்னு கேட்டா. கிரேடி யோசிச்சுச் சொல்றேன்னாரு. அவரு யோசிச்ச விதம் எங்களுக்கு டிவியிலதான் தெரிஞ்சுது. எங்க விக், எங்க சட்டை, எங்க பாட்டு, ‘இதோ ஹால்ஸெட்ஸ்’னு அறிவிப்பு. உள்ள வேற மூணு பொண்ணுங்க. ஜூவல் டிவியையே பாத்துக்கிட்டு, “நான் இளைச்சிருக்கேன் இல்ல?”ன்னா.

ஏன்னா ஒப்பந்தத்துல இருக்கு. நாலாவது தாள், ‘ஹால்ஸெட்ஸ் என்னும் பெயர் கம்பெனிக்கே உரியது.’ கிரேடி செத்துட்டாரு, கம்பெனியை மருமகன் நடத்துறான். இப்ப பாடுற பொண்ணுங்களுக்கு இருபத்தஞ்சு வயசு. பாட்டு வந்தப்போ அவங்கம்மாமாருக்கே பால் பல்லு விழலை. ‘அசல் ஹால்ஸெட்ஸ்’னு போஸ்டர் ஒட்டுறாங்க. ‘அசல்’ங்கற சொல்லுக்கு அகராதியில என்ன பொருள் போட்டிருக்குன்னு அந்த மருமகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்ல.

ஒடெஸ்ஸா அப்புறம் ஆஸ்பத்திரிச் சமையலறையில வேலை பார்த்தா. அம்பத்தொம்பது வயசு, இப்பவும் அந்தக் குரல் இருக்கும்மா, ஒரு பொட்டு குறையல. ஜூன் மாசம் இங்க பெரிய தியேட்டர்ல பழைய பாட்டு விழா. அவளைக் கூப்பிட்டாங்க. ஆனா ‘ஒடெஸ்ஸா டார்வர்’னு போட்டா நாப்பது பேரு வருவாங்களாம், ‘ஹால்ஸெட்ஸ்’னு போட்டா ஆயிரம் பேரு. பேரோட வாங்கன்னுட்டாங்க. அவ ஆசை அது ஒண்ணுதான். சாகுறதுக்குள்ள ஒரு தடவை, தன் பாட்டை, தன் பேருல. அதுக்குத்தான் இந்த வழக்கு.

வக்கீல் சின்னப் பையன், கெட்டிக்காரன். ஒப்பந்தத்தைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்திருக்கான். நாலாவது தாள்ல பேரைத் தட்டச்சு பண்ணினப்போ ஒரு டீதான் இருக்கு. ரெண்டாவது டீ பேனாவால, ஒரு சின்னக் கூரை மாதிரி குறி போட்டு, மேல சொருகியிருக்கு. யாரும் பக்கத்துல கையெழுத்து வைக்கல. ‘பாருங்க, இவங்க கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் கம்பெனி தாளைத் திருத்தியிருக்கு, அதனால இந்தத் தாள் செல்லாது’ங்கறான். ஒரு எழுத்தை வச்சு யாரு கையின்னு சொல்ல முடியாதுன்னு நிபுணர் சொல்லிட்டாரு. கிரேடி இல்ல. ஜூவல் இல்ல. கிரேடி ஆபீஸ்ல தட்டச்சான தாளை எங்க முன்னாடி வச்ச நேரம் ஒடெஸ்ஸா வெளியில போன்ல அவங்கம்மாகிட்ட முடி நனைஞ்சதுக்குத் திட்டு வாங்கிட்டிருந்தா. மிச்சம் நான் ஒருத்தி. அதான் சாட்சி.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

பதினேழு வயசும்மா. வகுப்புல இலக்கணத்துல முதல் மார்க். நம்ம பேரையே தப்பா அடிச்சிருக்கான், அதுல எப்படிக் கையெழுத்துப் போடறது? மனசு கேக்குமா? நான் எடுத்துச் சொன்னேன். கிரேடி சிரிச்சிட்டு, “எனக்குக் காபிதான் பழக்கம். ரெண்டாவது டீயை நீயே போட்டுக்கோ”ன்னு தன் பேனாவைக் குடுத்தாரு. போட்டேன். குறுக்குக் கோடு நேரா, அளவா. அப்புறம்தான் கையெழுத்து.

ஒடெஸ்ஸாகிட்ட சொன்னதில்ல. முதல்ல சொல்றதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. அப்புறம்… அப்புறம் சொல்ல முடியாத அளவுக்கு ஆயிடுச்சு.

என்னைக் கூப்பிடறாங்க. இந்தக் குளிர்க் கோட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க.

*

அட, இன்னும் நீங்க போகலையா? இப்பதான் நாப்பத்தொண்ணா? என்ன நிர்வாகம் இது.

கோட்டைக் குடுங்க. குளிரல, கையில ஏதாவது இருக்கட்டும்.

முடிஞ்சுது. சுலபமாத்தான் இருந்துச்சும்மா, அதான் வேடிக்கை. நம்ம வக்கீல் பையன் எழுந்து, அந்தத் தாள் முதல்ல உங்க முன்னாடி வந்தப்போ பேரு எப்படி இருந்துச்சுன்னான். ஒரு டீயோடன்னேன். உண்மை. ரெண்டாவது டீ பிற்பாடு சேர்க்கப்பட்டதான்னான். ஆமான்னேன். அதுவும் உண்மை. போதும், நன்றின்னு உக்காந்துட்டான். கம்பெனி வக்கீல் தாளைப் புரட்டிட்டு, எனக்குக் கேள்வி இல்லைன்னாரு. நீதிபதி, நீங்க இறங்கலாம்னாரு. ஒடெஸ்ஸா முகத்துல ஒரு வெளிச்சம். விழாவுக்குச் சட்டையெல்லாம் தைச்சு வச்சிருக்கா, எனக்கும் சேத்து.

நான் இறங்கியிருக்கலாம். ஒரு காலைப் படியிலயே வச்சிட்டேன்.

‘சேர்க்கப்பட்டது.’ செயப்பாட்டு வினைம்மா. செஞ்சவன் பேரு வராம ஒரு வாக்கியம் முடியும். முப்பத்து நாலு வருஷம் நான் பசங்களுக்குச் சொன்னது என்ன தெரியுமா? ‘ஜன்னல் உடைக்கப்பட்டது’ன்னு எவன் எழுதுறானோ அவன்தான் ஜன்னலை உடைச்சவன். நானே அந்த வாக்கியத்துக்குள்ள நின்னுட்டு எப்படி இறங்குறது? திரும்பினேன். ஐயா, கேள்வி முழுசா இல்ல, யாரால சேர்க்கப்பட்டதுன்னு கேக்கலைன்னேன். நீதிபதி கண்ணாடியைக் கழட்டிட்டு, சரி, யாரால அப்படின்னாரு.

“என்னால. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி.”

நம்ம வக்கீல் பையன் பேனாவை மூடி வச்சிட்டான். அந்த மூடி போட்ட சத்தம் வரைக்கும் கேட்டுச்சு.

அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி அந்தக் கோடித் தூணுக்குப் பக்கத்துலதான் ஒடெஸ்ஸா நின்னா. நான் போயி, உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்னேன். அவ என்னைப் பாத்தா. கோபமே இல்ல. கோபம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்டி. கிரேடிக்கு எங்கடி அவ்வளவு நேரா கோடு போட வரும்?”

அப்ப என்னை ஏன் சாட்சிக்குக் கூப்பிட்டன்னு கேட்டேன்.

“வாழ்நாள்ல உன்கிட்ட ஒரே ஒரு தப்பு எதிர்பார்த்தேன், டெல்ஃபின். அதைக்கூட உன்னால பண்ண முடியல.”

அவ்வளவுதான் பேசினா. அவ மக வந்து கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா.

தீர்ப்பு எழுத்துல வர மூணு வாரம் ஆகும். ஆனா நீதிபதி வாயாலயே சொல்லிட்டாரு, தாள் செல்லும், பேரு கம்பெனிக்குத்தான். மேல்முறையீட்டுக்கு வழியில்லைன்னு வக்கீல் பையன் சொன்னான். எனக்குக் கை குடுத்தான், ஏன் குடுத்தான்னு தெரியல. ஜூன் விழாவுல அந்த இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுங்க பாடுவாங்க. ஒடெஸ்ஸா பாட மாட்டா. காலையில அவ மக கார்லதான் நாங்க மூணு பேரும் ஒண்ணா வந்தோம். இப்ப வாசல் வரைக்கும் பின்னாலயே போனேன். ஒடெஸ்ஸா முன்னாடி உக்காந்தா. அவ மக என்னைப் பாத்தா, அம்மாவைப் பாத்தா, வண்டியை எடுத்துட்டா. பன்னெண்டே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்குன்னு காவலாளி சொன்னாரு. அதுல போறேன்.