சுவரில் முப்பத்திரண்டு கோடு

பின்னேரம் நாலரை மணி. மார்கழி மாதம். இத்தாலிக்கு வடக்கே, பிரான்ஸ் எல்லையோடு ஒட்டிய மலை. ஒரு கோவேறு கழுதை போகுமளவுக்குத்தான் பாதை... ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை.

இன்னும் கிட்ட வாருங்கள், செல்லங்களே. ஜன்னலை முழுக்கச் சாத்த வேண்டாம். வுச்சீரியாச் சந்தைச் சத்தம் கொஞ்சம் கேட்கட்டும், துணையாக இருக்கும்.

இது நம் கிளறாவின் பெரியப்பாவுக்கு நடந்தது. பெயர் கொன்ஸ்ரன்ரைன், மன்னார்க்காரர். தொண்ணூற்றோராம் ஆண்டு அந்தப் பாதையில், களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் பதினொரு பேர் வரிசையாக நடந்தார்கள். கடைசி இருவர், அவரும் தம்பி லூர்துவும்.

லூர்துவுக்குப் பத்தொன்பது வயது. கொடுத்த சப்பாத்து காலைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. அதை எறிந்துவிட்டு, இரண்டு சோடிக் காலுறைக்கு மேல், ஊரிலிருந்து கொண்டுவந்த ரப்பர் செருப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டான். சடக்... சடக்... அண்ணனுக்குப் பின்னால் அந்தச் சத்தம். முழங்காலில் தேய்த்திருந்த சித்தாலேபத் தைலத்தின் மணம்.

இருட்டியபோது அவனால் முடியவில்லை. பாதையோரம் இடையர்கள் விட்டுப்போன கல்வீடு ஒன்று. அதற்குள் அவனை உட்காரவைத்தார்.

"இஞ்சை இரு தம்பி. ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"ஓம் அண்ணா. கெதியா வா."

அவ்வளவுதான் கதைத்தது.

எல்லைக்கு அப்பால் பொலிஸ் பிடித்தது. மலையைக் காட்டிக் காட்டி அழுதார். அவருடைய மொழி அங்கே ஒருவருக்கும் தெரியாது. விடிந்தபோது பாதையே இல்லை, பனி மூடிவிட்டது. பிறகு மூன்று கோடை போய்த் தேடினார். இருட்டில் ஒரே ஒருதரம் பார்த்த வீடு... கிடைக்கவில்லை.

இங்கே பலெர்மோவுக்கு வந்து, பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் தாய்க்கு மாதாமாதம் இரண்டு கடிதம் போனது. ஒன்று தன் பெயரில். மற்றது லூர்துவின் பெயரில், இடக்கையால் எழுதியது. தாய் கண்மூடிய வருடம்தான் அது நின்றது.

வேலை பார்த்த வீட்டுக்காரர் ஃப்ரான்செஸ்கோ, ஓய்வுபெற்ற வாத்தியார். மலை ஏறுவதும், பழைய பாதை, இடிந்த வீடு, சுவரில் கீறிய பெயர் என்று தேடித் தேடிப் படமெடுப்பதும்தான் அவருக்கு உலகம். இரண்டு மூன்று வருடத்துக்கு முன், ஒரு கோடையில் வடக்கே போய்த் திரும்பியவர், ஃபோனை நீட்டினார். அவர் வாயில் கொன்ஸ்ரன்ரைன் எப்போதும் கொஸ்தந்தீனோதான்.

"இந்தக் கோடெல்லாம் இடையர்களின் ஆட்டுக் கணக்கு, கொஸ்தந்தீனோ. மேலே இருப்பது என்ன எழுத்தென்று தெரியவில்லை. நீ பார்."

தமிழ்.

'அண்ணா, இருக்கிறன். லூர்து.'

கீழே முப்பத்திரண்டு கோடு.

கையிலிருந்த காபிக் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாராம் மனிதர். அதைத்தான் ஃப்ரான்செஸ்கோ பிறகு சொல்லிச் சொல்லி அழுதார்.

ஐப்பசியில் இருவரும் போனார்கள். கல்வீட்டுக்குள் எலும்பில்லை, துணியில்லை. ஈரக் கல்லின் மணம்... அதற்குள் மெல்ல, தைலம். பெரியப்பா மெழுகுதிரி ஏற்றினார். செபம் சொன்னார். எல்லாம் முறையாகத்தான் செய்தார். வெளியே வரும்போது, வாய்ப்பழக்கம், வாசலில் நின்று திரும்பி,

"போயிட்டு வாறன், தம்பி."

சாந்தன், சிரிக்காதே அப்பன். செத்த வீட்டில் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும். அம்மாவைக் கேட்டுப் பார்.

"அப்ப பேய் பின்னாலை வந்ததோ அன்ரி? அதுக்கு இஞ்சை வர விசா, பெர்மெஸ்ஸோ இருந்ததோ?"

"இல்லையடா ராசா. அதுதானே பாவம், வந்த இடத்திலேயே இருந்தது."

ஒன்றும் பின்னால் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பின்னேரம் நாலரை அடித்தால் மனிதர் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலில் போய் நிற்பார். கிளறாதான் ஒருநாள் கையைப் பிடித்தாள்.

"பெரியப்பா, வாய்தவறிச் சொல்லிப்போட்டியள், விடுங்கோ. செத்த வீட்டிலை சொன்ன சொல்லுக்கு ஆரும் திரும்பிப் போறேல்லை."

"செத்த வீடெண்டு ஆர் பிள்ளை சொன்னது? இருக்கிறன் எண்டெல்லோ எழுதியிருக்கிறான். இந்த முப்பத்திரண்டு வருசமும், வருசத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறான்."

"பெரியப்பா..."

"முதல்தரம் வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஏமாத்தினனான். இது ரெண்டாந்தரம்."

மார்கழியில், ஒருவருக்கும் சொல்லாமல் ரயிலேறிவிட்டார்.

இரண்டு நாளாக ஆளைக் காணாமல், கிளறா கதறிக்கொண்டு ஃப்ரான்செஸ்கோவிடம் ஓடினாள். அந்த வயதிலும் மனிதர், மீட்புக்காரர் இருவரோடு மறுநாள் பின்னேரம் மலையேறினார். புதுப் பனி. அதில் ஏறிப்போன காலடி ஒரே ஒரு ஆளுடையது. இறங்கி வந்த காலடி இல்லை.

கல்வீட்டுக்குள் ஒருவருமில்லை. மெழுகுதிரி அடிவரை எரிந்து முடிந்திருந்தது. சுவரில் முப்பத்திரண்டு கோடுதான். அந்த மார்கழிக்குப் புதுக் கோடு விழவில்லை. பிறகு நாய்களைக் கொண்டுவந்து ஐந்து நாள் தேடினார்கள். இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை.

கையைத் தா, யோகினி. குளிருதோ? முடிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான்...

வாசலில், நாங்கள் வீட்டுக்குள் போகும்போது கழற்றி வைக்கிற மாதிரி, இரண்டு சோடி இருந்தன. ஒன்று அவருடைய மலைச் சப்பாத்து, உறைந்து கல்லாகக் கிடந்தது. அதை ஒட்டி, கயிறு கட்டிய ரப்பர் செருப்பு. ஃப்ரான்செஸ்கோ குனிந்து அதைக் கையில் எடுத்தார்.

கால்சூடு... இன்னும் ஆறவில்லை.