காலிதீன் காக்காவின் கடைசிப் பெட்டி

ஓர் ஒன்றுகூடல் நன்றாக நடக்க வேண்டுமென்றால் சோறு குறையக் கூடாது, சேர். மற்றதெல்லாம் பிறகுதான். மழை பெய்யலாம், விளையாட்டு பிழையாகிப் போகலாம், ஆட்கள் பிந்தி வரலாம். சோறு குறைந்தால் மட்டும் எங்கள் ஊர் பேரப்பிள்ளை காலம் வரை சொல்லிக் காட்டும். அதனால் அன்றைக்கு வரவிருந்த ஆட்களைவிடக் கூடுதலாகவே ஆக்கச் சொல்லியிருந்தேன். காலிதீன் காக்காவின் பங்கு மிஞ்சும் என்று தெரிந்தும் குறைக்கவில்லை.

காலிதீன் காக்கா செத்ததை நீங்கள் பொலிசில் விபத்தென்று முடித்துவிட்டதாகக் கேள்வி. அதைத் திருத்தத்தான் வந்தேன். என் பெயர் நபீஸா, ஊர் சாய்ந்தமருது. நான் சொல்வது தமிழ், நீங்கள் எழுதுவது சிங்களம், நடுவில் இந்தத் தம்பி மொழிபெயர்க்கிறார். அவருக்குக் கஷ்டமில்லாமல் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்ல வேண்டும். ஜியோகேஷிங் என்பார்கள். ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்துக்குரிய எண்களை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் எண்களை ஜீ.பி.எஸ் கருவியில் போட்டு, அது காட்டும் அம்புக்குறிக்குப் பின்னால் போய்ப் பெட்டியைத் தேடி எடுப்பார்கள். உள்ளே பெறுமதியாக ஒன்றும் இருக்காது. ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். முதலில் வந்தவர் தன் பெயரை எல்லோருக்கும் மேலே எழுதலாம். அதற்காக வயது வந்த மனிதர்கள் முள்ளிலும் சேற்றிலும் விழுந்தடித்து ஓடுவார்கள். சண்டைக் காலத்தில் எங்கள் பக்கம் பெட்டி ஒளித்து வைப்பது வேறு ஆட்களின் தொழில். சண்டை முடிந்து வீதியில் மறித்துச் சோதிப்பது நின்ற பிறகுதான் எங்களுக்கு விளையாடத் தைரியம் வந்தது.

கருவி எனக்குப் பழக்கமானது சுனாமியால். கடல் வந்து போன பிறகு, உடைந்த வீடுகளையும் உப்பேறிய கிணறுகளையும் அளந்து குறிக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஊர்ப் பெண்களை வேலைக்கு எடுத்தது. நான் முதன்முதலாகக் குறித்தது என் சொந்தக் கிணற்றை. வீடு போய்விட்டது. கிணற்றின் கட்டும் போய், தரையோடு தரையாக ஒரு குழி மட்டும் மிஞ்சியிருந்தது. கடலுக்குக் கிட்ட இனி வீடு கட்டக் கூடாதென்றார்கள். குழியைத் தகரத்தால் மூடிவிட்டு ஊரின் உள்பக்கம் குடிபோனேன்.

என் மகள் றினோஸா போனது அந்த வீட்டோடுதான். அவளுடைய வாப்பா, என் புருஷன், கட்டாரில் வேலையில் இருந்தார். நான் அன்று காலை உம்மாவைப் பார்க்கச் சம்மாந்துறைக்குப் போயிருந்தேன். பிள்ளைக்குக் குர்ஆன் ஓதப் போக இருந்தபடியால் கூட்டிப் போகவில்லை. பிறகு அவளுடைய உடலை வயல் பக்கத்தில் எடுத்தார்கள். மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள் ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரமொன்றை என் கையில் தந்தார்கள். பிள்ளையின் உடம்பைச் சுற்றியிருந்ததாம். பச்சைக் கட்டம் போட்ட பழஞ்சாரம், ஒரு மூலை கிழிந்து தைத்திருந்தது. யாரோ ஓர் ஆண்பிள்ளை தன் மானத்தைப் பார்க்காமல் என் பிள்ளையின் மானத்தை மூடியிருக்கிறான் என்று நினைத்தேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்த முகம் தெரியாத மனிதனுக்காக துஆக் கேட்டேன். வருஷக்கணக்காகக் கேட்டேன், சேர். என்னைப் பைத்தியமாகாமல் வைத்திருந்தது அதுதான்.

இனிக் காலிதீன் காக்கா. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். அவர் எல்லோருக்கும் காக்கா. சீமெந்துக் கடைக்காரர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. எங்கள் கூட்டத்தில் போன் கடை றிம்சான், பாண்டிருப்பு விதுஷா என்று எத்தனையோ கெட்டிக்காரர் இருந்தும், எந்தப் பெட்டியிலும் முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நிற்பவர் அவர். இல்லாவிட்டால் சோறு இறங்காது.

சாகாமம் குளக்கட்டில் நடந்த ஒன்றுகூடலில், சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது சுனாமிக் கதை வந்தது. எங்கள் பக்கம் எந்தக் கதையும் கடைசியில் அங்கேதான் போகும். காக்கா தன் கதையைச் சொன்னார்.

"கலியாண வீட்டுக்கெண்டு புதுச்சாரம் உடுத்து வாசல்ல நிக்கன், கடல் வந்திட்டு. தென்னையக் கட்டிப் புடிச்சன். ஒரு பொட்டப்புள்ள மிதந்து வந்து என்ட சாரத்தப் புடிச்சிட்டு. புடிச்ச பிடிய உடுகுதில்ல. ரெண்டு பேரும் போயிருவம் எண்டு விளங்கிட்டு. சாரத்த அவுத்து உட்டுட்டன். சாரமும் புள்ளயும் போயிட்டு. நான் பிறந்த மேனியா மரத்தில. பிறகு பொம்பிளையள் எல்லாம் பார்த்திருக்க எறங்கி வாறன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் இறங்கி வந்ததற்குத்தான் சிரித்தார்கள், பிள்ளைக்கு அல்ல. நியாயமாகச் சொல்ல வேண்டும். விதுஷா மட்டும், "அந்தப் பிள்ளை?" என்று கேட்டாள்.

"அல்லாதான் அறிவான், மகள்," என்று சொல்லி இறைச்சித் துண்டொன்றை எடுத்தார்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தொழுதுவிட்டுக் கையை ஏந்தினேன். துஆக் கேட்பதற்கு அந்த முகம் தெரியாத மனிதன் இனி இல்லை. இத்தனை வருஷம் என் மகளை உதறிவிட்டவனுக்கா சுவர்க்கம் கேட்டிருக்கிறேன் என்று ஏந்திய கையை இறக்கினேன். பிறகு அந்த துஆவை நான் கேட்கவேயில்லை. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த ஒன்றுகூடலை நான் பொறுப்பெடுக்கிறேன் என்று றிம்சானிடம் சொன்னேன். நபீஸா ராத்தா செய்தால் குறையிருக்காது என்று அவனுக்குச் சந்தோஷம்.

குறையில்லாமல்தான் செய்தேன். கடற்கரையில் பந்தல் போட்டோம். பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இனிப்பு. பெரியவர்களுக்கு ஊர் முழுக்கப் பெட்டிகள். அவற்றைத் தேடித் திறந்தால் கடைசிப் பெட்டியின் எண்கள் துண்டு துண்டாகக் கிடைக்கும். முதலில் வருபவருக்கு ஒரு முழு வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் நானே பார்த்து வாங்கி அவித்தேன். கடைசிப் பெட்டியை என் பழைய வீடு நின்ற வளவில், கடல் பக்க வேலியோரத்தில் புதைத்தேன். வீதியால் வருபவர் அதற்கு நேராக நடந்தால் கிணற்றின் மேலால்தான் வர வேண்டும். தகரத்தை எடுத்துவிட்டு மெல்லிய தென்னோலைக் கிடுகு பரப்பி, மேலே மணலைத் தூவினேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பிழை உண்டு, சேர். இடம் கிட்டக் கிட்டக் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் அது. யாரும் கேட்பதில்லை. கிட்டப் போகப் போகத்தான் தலையைக் குனிந்து அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள். அம்புக்குறிக்கு மதில் தெரியாது, கிணறு தெரியாது. காலிதீன் காக்கா அப்படி நடந்து மாட்டில் மோதியதை நானே கண்டிருக்கிறேன்.

மற்றவர்கள் விழுந்துவிடக் கூடாதே என்று கவனமாக இருந்தேன். அவர்களைக் காரைதீவுப் பக்கமிருந்து தொடங்கச் சொன்னேன். காக்காவைத் தனியே கூப்பிட்டு, "கடைசிப் பெட்டிட எண் இந்தாங்க. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. இந்த முறையும் உங்கட பேர்தான் மேல வரணும்," என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "நீதான்கா என்ட கூடப்புறந்த தங்கச்சி," என்றார்.

அவர் கள்ளமாக வந்தபடியால் யாருக்கும் சொல்லவில்லை. அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வளவுக்குள் வந்தார். நான் ஓர் ஓரத்தில் தாழைக்குப் பின்னால் நின்றேன். கருவியைப் பார்த்துச் சிரித்தபடியே நடந்தார். சத்தம் பெரிதாக வரவில்லை. கடல் அன்று நல்ல இரைச்சல்.

கடற்கரைக் கிணறு ஆழமாக இருக்காது. இடுப்பு முறிந்தவருக்கு அந்த ஆழமே போதும். தண்ணீர் அவருக்குத் தாடை வரை நின்றது. கிணற்று வளையத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிடி விட்ட பிறகு நான் பந்தலுக்குப் போய் வட்டிலப்பம் வெட்டினேன். காக்கா எங்கே என்று கேட்டவர்களிடம், தேடிக்கொண்டிருப்பார் என்றேன். எண்களைச் சேர்த்துக்கொண்டு அந்த வளவுக்கு முதலில் வந்தவள் விதுஷா. நான் சொல்லிக் கொடுத்தபடி கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் பார்த்து வந்தாள். அதனால் தப்பினாள், கெட்டிக்காரப் பிள்ளை. அவளுக்குரிய பரிசை அந்த அமளியில் கொடுக்க முடியாமல் போய்விட்டது.

கிணற்றடியில் ஒரு கயிறு கிடந்ததே, அது ஏன் என்று உங்களுக்குக் கேள்வி இருக்கும். நான் கொண்டுபோனதுதான். நான் ஈவிரக்கமில்லாதவள் அல்ல. அவர் உண்மையை ஒப்புக்கொண்டால் தூக்கிவிடலாம் என்றும் ஓர் எண்ணம் இருந்தது. அதனால் அவர் விழுந்ததும் குழியோரம் போய் இருந்தேன்.

என்னைக் கண்டதும் அழுதார். "தங்கச்சி, ஆக்களக் கூப்பிடுங்க. கால் விளங்குதில்ல."

"காக்கா, அந்தப் புள்ளய நினைக்கிறல்லயா?" என்று கேட்டேன். எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை.

"நினைக்காம? சிரிச்சுக் கதைக்காட்டி எனக்கு அந்த முகம் வந்திரும், தங்கச்சி. அதுக்குத்தான் சிரிக்கிற."

"அண்டைக்கு உடுத்திருந்த சாரம் என்ன நிறம்?"

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"வெள்ள. கலியாண வீட்டுக்கு வேற என்னத்த உடுக்கிற? அல்லாவுக்காகக் கயித்தப் போடுங்க."

கயிறு என் மடியில்தான் இருந்தது. நான் யோசிக்காமல் ஒன்றும் செய்யவில்லை, சேர். உயிர் போகிற நேரத்தில் மனிதன் தப்புவதற்கு எதையும் சொல்வான். பச்சை என்று சொன்னால் கயிறு வராது என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். அது என் பிள்ளை என்று நான் சொல்லியிருக்கவில்லைதான், வீட்டு அலுமாரியில் இருக்கும் சாரத்தைப் பற்றியும் ஒருவருக்கும் வாய் திறந்ததில்லை. எப்படியோ அவனுக்கு விளங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு தரம் கேட்டேன். வெள்ளை, வெள்ளை என்றே நின்றான்.

இதைப் பிழையில்லாமல் எழுதச் சொல்லுங்கள், தம்பி. நான் அவனைக் கொன்றது பொய் சொன்னதற்காக. பச்சை என்று ஒரு சொல் உண்மையாகச் சொல்லியிருந்தால் கயிற்றைப் போட்டிருப்பேன்.