பைத்தானை மூடும் முறை

அதுல மட்டும் கை வைக்காதீங்க லைல் மாமா. கடைசியா நானே எடுத்துக் காட்டுறேன். நீலத் துணிக்குள்ள இருக்கறது எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல காப்பியக் குடிங்க. மான்கறி சாசேஜ் வெட்டி வச்சிருக்கேன். பல்லு இன்னும் இருக்குல்ல? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. இந்த மேசைல நீங்க தின்ன சாசேஜை வரிசையா வச்சா பில்லிங்ஸ் டவுன் வரைக்கும் போகும்.

எதுவும் மாறலைங்கறீங்களா? எதுக்கு மாத்தணும்? அதே துண்டுதான். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு சாப்பிட்டதும் அம்மா தட்டெல்லாம் எடுத்துட்டு இந்தத் துண்டை விரிக்கணும். அப்பா ஒவ்வொண்ணாக் கொண்டு வந்து அடுக்குவாரு. எல்லாம் ரிவால்வர். எல்லாம் மூணு அம்பத்தேழு மேக்னம் குண்டு போடறது. வேற எதுவும் இந்த மேசைக்கு ஏறினதில்ல. அந்தத் தபால்காரர் ஒரு தடவை புதுசா வாங்கின ஆட்டோமேட்டிக் பிஸ்டலைத் தூக்கிட்டு வந்தாரே, ஞாபகம் இருக்கா? அதைக் கார்லயே விட்டுட்டு வா, வீட்ல பொம்பளைங்க இருக்காங்கன்னு அப்பா வாசல்லயே நிறுத்திட்டாரு. நீங்க சிரிச்ச சிரிப்புல நாற்காலி கிறீச்சுன்னுச்சு.

மெதுவாப் பேச வேண்டியதில்ல மாமா. கதவு திறந்தே இருக்கட்டும். ஆமா, அப்பா முழிச்சுட்டுத்தான் இருக்காரு. கட்டிலைச் சன்னல் பக்கம் போட்டிருக்கேன். டாக்டர் சொன்னதுதான் உங்களுக்கும் தெரியுமே. பக்கவாதம் வந்ததுல உடம்பு மட்டும்தான் மிச்சம், உள்ள இருந்த ஆள் போயிட்டாரு. பேச்சு வரவைக்கறதுக்கு ஒரு பொண்ணு எழுத்தெல்லாம் போட்ட அட்டையத் தூக்கிட்டு கொஞ்ச நாள் வந்தா. நல்ல பொண்ணு. அப்பா பேரைச் சொல்லி, வெர்ன், இந்த எழுத்தைப் பாருங்க, வெர்ன், கண்ணை மூடுங்கன்னு கெஞ்சுவா. இவரு கூரையவே பாத்துட்டுக் கிடந்தாரு. பிரயோஜனம் இல்லன்னு நிறுத்திட்டாங்க. அப்பாவோட இத்தனை வருஷக் கூட்டாளி, நீங்களும் அப்பதான் வர்றதை நிறுத்தினீங்க. குத்தமாச் சொல்லல. பதில் சொல்லாத மனுஷன் பக்கத்துல எவ்வளவு நேரம்தான் தொப்பியக் கையில வச்சுட்டு உக்காந்திருக்கறது.

சரி, பாப்போம். இது உங்க செல்லம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், மாடல் பத்தொம்பது. போலீஸ்ல டெபுடி ஷெரிஃபா இருந்த காலம் பூரா இதோட ஜோடியத்தானே இடுப்புல மாட்டிட்டு அலைஞ்சீங்க. நாள் முழுக்கத் தொங்கினாலும் கனம் தெரியாது, தேவைப்படறப்ப மட்டும் கனமாகும்னு சொல்வீங்க. அப்பா உடனே, உன் வயித்துக் கனத்துல அது எங்கடா தெரியப் போகுதும்பாரு. இந்தாங்க. குண்டு போடற சிலிண்டரைத் திறந்துதான் குடுக்கறேன், பாத்துக்குங்க, ஆறு ஓட்டையும் காலி. திறந்து குடு, வாங்கறவன் கண்ணால பாக்கட்டும். அந்தப் பாடமெல்லாம் மறக்கல.

பாத்தாச்சா? இப்படிக் குடுங்க.

அடடா, காப்பி சிந்திடுச்சே. என்ன மாமா? ஓ. நான் மூடின விதமா. சினிமால துப்பறியறவன் மூடுவானே, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி, டக்குன்னு. அப்படித்தான் மூடினேன். எனக்கா தெரியாது? வீசி மூடினா சிலிண்டரைத் தாங்கற அந்த மெல்லிசு இரும்பு வளையும். மயிரளவு வளைஞ்சாப் போதும், ஓட்டை குழலுக்கு நேரா வந்து நிக்காது. ஒரு கையால தாங்கி, இன்னொரு கையோட கட்டைவிரலால பதமாத் தள்ளணும். குழந்தை தூங்கற ரூம் கதவைச் சாத்தற மாதிரி. அப்பா சொன்ன வார்த்தை அது. எங்க ரூம் கதவை அவரு அப்படிச் சாத்தி நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

துடைக்காதீங்க, விடுங்க. அந்தத் துண்டு எண்ணெயக் குடிச்சிருக்கு, காப்பியயும் குடிக்கட்டும்.

இது ரூகர். இது என்னோடது, என் சம்பாத்தியத்துல வாங்கினது. அப்பா இதை டிராக்டர்னு சொல்வாரு. அழகு இல்ல, ஆனா எவ்வளவு கனமான குண்டு போட்டாலும் முணுமுணுக்காது. எனக்கு அந்தக் குணம்தான் பிடிச்சுது. அடிச்சா வாங்கிக்கும். துண்டுல இதுக்கு எடம் இல்ல, பாத்திரம் கழுவற தொட்டி பக்கம் வைன்னாரு. நானும் வச்சேன். அம்பது வயசு தாண்டின ஆம்பளை, தொட்டி பக்கம் கொண்டு போய் வச்சேன் மாமா. நீங்க அப்பவும் சிரிச்சீங்க. நீங்க நல்லா சிரிக்கற மனுஷன்.

இதையும் அப்படியே வீசி மூடிட்டேன். ரெண்டாவது தடவை அவ்வளவு வலிக்கல, இல்ல?

சரி, பாக்கறீங்களே, எடுத்துடறேன். கோல்ட் கம்பெனியோட பைத்தான். ஆறங்குலக் குழல். கையத் துடைச்சுக்குங்க, உப்பு பட்டா கறை விழும். இந்த நீலம் வேற எதுலயும் இல்ல. சாயங்காலம் ஏரித் தண்ணி கறுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு நிறம் வருமே, அது. நான் பொறந்த அன்னைக்கு வாங்கினது, உங்களுக்குத் தெரியும். அம்மா வலியில கிடந்தப்ப, இப்ப வரலன்னா வேற ஆள் எடுத்துடுவான்னு கடைக்காரர் சொல்லி அனுப்பினாராம். அப்பா உடனே கிளம்பிட்டாரு. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல முதல் தடவையாப் பாத்தாரு. இதைத்தான் முதல்ல பாத்தாரு.

சிலிண்டரைச் சுத்தி ஒரு கோடு இருக்கான்னு பாருங்க. இல்ல. இருக்காது. மூடினப்புறம் ஒரு தடவை சும்மா சுத்தினாக்கூட அந்தக் கோடு விழும், அதனால இதை மட்டும் நிலைக்கு வந்து நிக்கற மாதிரி பாத்துப் பாத்து மூடுவாரு. உங்களுக்குக் கண்ணு கலங்குது மாமா. எனக்குப் புரியுது. வேற யாராவது இவ்வளவு வருஷம் ஒரு பொருளை இன்னொருத்தன் கையில பாத்துட்டு இருந்தா வெறுப்பாயிடும். நீங்க வெறுக்கல. அது பெரிய விஷயம்.

இதுக்குப் பணமா? பணம் வேண்டாம். பையில வைங்க. நான் பணத்துக்காகவா உங்களைக் கூப்பிட்டேன்?

நான் கோப்பையப் பிடிக்கறதும், துப்பாக்கிய வீசினதும் எந்தக் கையாலன்னு பாத்தீங்களா? இடது. வலது மணிக்கட்டு இதுக்கு மேல திரும்பாது. இந்தா, இவ்வளவுதான். குளிர் வந்தா இதுவும் இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இருக்காம இருக்காது. எனக்கு ஒம்பது வயசு. டிவில பாத்ததைப் போல இதை எடுத்து, இதே பைத்தானை, வீசி மூடினேன். உங்க ரெண்டு பேரையும் சிரிக்க வைக்கணும்னுதான். அப்பா கத்தல. திட்டல. துப்பாக்கிய வாங்கித் துண்டுல வச்சாரு. அப்புறம் என் கையப் பிடிச்சாரு. பதமாத்தான் பிடிச்சாரு. அது எந்தப் பக்கம் மடங்காதோ அந்தப் பக்கம் மடக்கிக்கிட்டே போனாரு. வலிக்குதா, அதுக்கும் இப்படித்தான் இருக்கும்னாரு. நீங்க அந்த நாற்காலில இருந்தீங்க. சத்தம் கேட்டதுக்கு அப்புறம், இனிமே மறக்க மாட்டான் வெர்ன்னு சொன்னீங்க. சாசேஜ் தட்டை உங்க பக்கம் இழுத்துக்கிட்டீங்க.

ஆஸ்பத்திரில குதிரைல இருந்து விழுந்தான்னு சொன்னதும் நீங்கதான். எங்க வீட்ல குதிரையே கிடையாது மாமா. ஆனா உடுப்புல இருந்தீங்க, மார்ல ஷெரிஃப் நட்சத்திரம் குத்தியிருந்தீங்க. டாக்டர் உங்களைப் பாத்தாரு, எழுதிக்கிட்டாரு.

இல்ல, மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. எனக்கு அதை எங்க வைக்கறதுன்னு தெரியாது. துண்டுல எடம் இல்ல.

எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். இதை எடுத்துட்டு அந்த ரூமுக்குள்ள போங்க. கட்டில் பக்கத்துல, அவரு முகத்துக்கு நேரா நின்னு, ஒரே ஒரு தடவை வீசி மூடுங்க. மூடிட்டீங்கன்னா உங்களோடது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்.

அசிங்கமான ஆசைதான். நானே கேட்டுக்கறேன். தினம் காலைல அவருக்குச் சவரம் பண்றப்ப கேட்டுக்கறேன், கர்ட், நீ என்ன மாதிரி ஆளுடான்னு. குளிப்பாட்டுறேன். ஊட்டுறேன். புண்ணு வராமத் திருப்பிப் போடுறேன். அவரைத் தூக்குறப்ப இந்தக் கை வலிக்கும், அந்த வலிய யார் கணக்குல எழுதறதுன்னு யோசிப்பேன். நல்ல பிள்ளைன்னு சர்ச்ல சொல்றாங்க. நானும் தலையாட்டுறேன்.

நானே ஏன் செய்யக் கூடாதுங்கறீங்களா? நான் செஞ்சா அது பழைய பையன் பண்ற பழைய தப்பு. நீங்க செஞ்சா வேற.

பாருங்க மாமா, ஒண்ணும் புரியாத ஆளுக்கு முன்னால ஒரு இரும்பை மூடுறதுல என்ன பாவம்? டாக்டரே சொல்லிட்டாரு. கட்டைக்கு முன்னால மூடுற மாதிரிதான். ஒரு தடவைல வளையறதுன்னா அன்னைக்கே வளைஞ்சிருக்கணும். அன்னைக்கு ஒண்ணும் ஆகல, அப்பா கேஜ் வச்சு அளந்து பாத்து, நல்லவேளைன்னு சொன்னாரு. என்னை வண்டில ஏத்தினது அதுக்கப்புறம்தான். வேண்டாம்னா விடுங்க. வர்ற வாரம் போஸ்மன் ஊர்ல இருந்து இதை வாங்கறதுக்கு ஒருத்தர் வர்றாரு. முன்னால இருக்கற குறிமுனைய ராவிட்டு, பிடிக்கு ரப்பர் மாட்டுவேன்னு சொல்றாரு. சந்தோஷமாக் குடுத்துடுவேன்.

யோசிங்க. அவசரம் இல்ல. இன்னொரு வாய் காப்பி?

நல்லது. அதை எடுத்துட்டு இந்தப் பக்கம் வாங்க, வாசப்படி தடுக்கும். அப்பா, யாரு வந்திருக்காங்க பாருங்க. லைல் மாமா. இன்னும் கிட்ட வாங்க மாமா, அந்தப் பக்கத்து வெளிச்சம் முகத்துல விழட்டும். அவரு கூரையப் பாக்கறாரு, தலையணைய நான் கொஞ்சம் சாய்ச்சுடறேன். ம். தொப்பியக் கட்டில்ல வைங்க, ரெண்டு கையும் வேண்டாம், ஒரு கை போதும். திறந்தாச்சா? காலியா? காட்டுங்க அவருக்கும். கத்துக்குடுத்தது அப்படித்தானே.

அது மூடினது இல்ல மாமா. அது சாத்தினது. கட்டைவிரல் வச்சுட்டீங்க. இத்தனை வருஷப் பழக்கம், கை கேக்க மாட்டேங்குது. இன்னொரு தடவை. முழங்கையத் தளர்த்துங்க.

ஆங். அது.

அவரு கண்ணுல தண்ணியா? அது அப்படித்தான், அடிக்கடி வடியும். நரம்பு செத்துட்டா கண்ணு தானா ஒழுகும்னு டாக்டர் சொன்னாரு. இருங்க, நான் துடைச்சு விடறேன். அவ்வளவுதான் அப்பா, ஆச்சு. வாங்க மாமா, துணில சுத்தித் தர்றேன். குளிரா? கோட்டை மாட்டிக்குங்க. சாசேஜும் கொஞ்சம் மடிச்சுத் தர்றேன், வீட்ல தின்னலாம்.

ஆமா, சொல்ல மறந்துட்டேன். அந்தப் பொண்ணு வர்றதை நிறுத்தினதுக்கு அப்புறம் அப்பாவுக்கு இடது இமை அசைய ஆரம்பிச்சுது. அட்டைய இங்கயே விட்டுட்டுப் போயிருந்தா. எழுத்தை நான் ஒவ்வொண்ணாத் தொட்டுக்கிட்டே போவேன், சரியான எழுத்து வந்தா இமைய மூடுவாரு. எல்லாமே புரியுது மாமா. ஒரு வார்த்தை விடாம. டாக்டர்கிட்ட நான் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா மறுபடி அந்தப் பொண்ணு வருவா, மத்தவங்க வருவாங்க, இவரு எல்லார்கூடயும் பேச ஆரம்பிச்சுடுவாரு. இப்ப என்கூட மட்டும்தான் பேசறாரு. இது எனக்குப் புதுசு.

இல்ல, உள்ள போகாதீங்க. இப்ப போய் என்ன சொல்லப் போறீங்க.

போன வாரம்தான் கேட்டேன், பைத்தானை யாருக்குக் குடுக்கட்டும்னு. எனக்குன்னு சொல்வாருன்னு ஒரு நெனப்பு, மனுஷனுக்கு இருக்குமில்ல. உங்க பேரைச் சொன்னாரு. ஏன் அவருக்குன்னு கேட்டேன். ரொம்ப நேரமாச்சு, வேர்த்துப் போச்சு அவருக்கு. அவன் மெதுவா மூடுவான். அவ்வளவுதான் சொன்னாரு.

படியப் பாத்து எறங்குங்க மாமா, பனி உறைஞ்சு கிடக்கு.